ஒரே சொல்லா, இரண்டா?

கேள்வி: அஞ்சல் துறையில் ஓய்வுபெற்றபோது பென்ஷனில் ஒரு பகுதியைக் ‘கம்யூட்’ செய்து மொத்தமாகப் பணம் வாங்கினேன். தினமும் ரயிலில் தஞ்சாவூருக்கு வேலைக்குப் போய்வரும் மகனும் ‘கம்யூட்’ பண்ணுவதாகச் சொல்கிறான். இரண்டும் ஒரே சொல்தானா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: ஒரே சொல்தான். அதிலும் உங்கள் கம்யூட்தான் மூத்தது.

லத்தீனில் ‘மூதாரே’ என்றால் மாற்றுதல். பட்டா மாறுதலை ஆங்கிலத்தில் மியூட்டேஷன் என்கிறார்களே, அதற்கும் இதுவே வேர். தூக்குத் தண்டனை ஆயுள் தண்டனையானால் அதுவும் கம்யூட்தான். பென்ஷனில் மாதாமாதம் வரவேண்டியது ஒரே தொகையாக மாறுகிறது. மத்திய அரசு ஊழியர் 60 வயதில் ஓய்வுபெறுகிறார், அடிப்படை பென்ஷன் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் 40 சதவீதம், அதாவது 12,000 ரூபாயை விட்டுக்கொடுத்தால், அதை 12 மாதத்தாலும் பிறகு அந்த வயதுக்கான அட்டவணை எண்ணான 8.194-ஆலும் பெருக்கி 11,79,936 ரூபாய் தருவார்கள். (அகவிலைப்படி மட்டும் முழு 30,000-க்கே கணக்கு. பாஸ்புக்கைப் பார்த்துக் குழம்புகிறவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.)

ரயிலிலும் நடந்தது இதே கணக்குதான். 1840-களில் அமெரிக்க ரயில் கம்பெனிகள் தினசரிக் கட்டணங்களைச் சேர்த்துக் குறைத்து, ஒரே தொகையாக வாங்கிக்கொண்டு ‘கம்யூட்டேஷன் டிக்கெட்’ கொடுத்தன. நம்முடைய சீசன் டிக்கெட்தான் அது. அதை வைத்திருந்தவர் 1860-களில் ‘கம்யூட்டர்’ ஆனார். அவர் போய்வருவதைக் கம்யூட் என்பது 1880-களின் கடைசியில்தான் அச்சில் தென்படுகிறது. ஆக, முதலில் மாறியது டிக்கெட் காசு. பயணத்துக்குப் பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டது.

நம் பக்கத்தில் ‘டெய்லி அப் அண்ட் டவுன்’ என்கிறோமே, அதற்குச் சரியான ஆங்கிலம் இதுதான். வேலைக்கோ படிப்புக்கோ ஒரே வழியில் வாடிக்கையாகப் போய்வர வேண்டும். பஸ், சைக்கிள் எதுவானாலும் சரி. ஆடிப்பெருக்குக்குத் திருவையாறு போனதைக் கம்யூட் என்று எழுதினால் தப்பு, அது ட்ராவல். உச்சரிக்கும்போது அழுத்தம் ‘யூட்’டில் விழட்டும்.

கேள்வி: ‘ஜர்னி’, ‘ஜர்னல்’ இரண்டும் உறவா?
– வாசகி, திருவாரூர்

பதில்: உறவுதான். இரண்டிலும் இருப்பது ‘நாள்’. பழைய பிரெஞ்சில் ‘ஜூர்னே’ என்றால் ஒரு நாள் பொழுது, ஒரு நாள் வேலை, ஒரு நாள் நடை. ஒரே நாளில் போகக்கூடிய தூரம்தான் முதலில் ஜர்னி. அன்றன்று எழுதுவது ஜர்னல், நம் நாளேடு மாதிரி.