சிஸ்டர், செருப்பு எந்தக் காலில் நழுவியது?

கேள்வி: எனக்கு 36 வயது. கொருக்குப்பேட்டையில் ஹவுசிங் போர்டு வீட்டில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். தனியார் மருத்துவமனை ஒன்றில் ஐசியு ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்க்கிறேன். நான்கு வருடமாக இடுப்பு வலி. எம்ஆர்ஐ எடுத்ததில் எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ், அதாவது இடுப்பின் நான்காவது, ஐந்தாவது முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு பிதுங்கியிருக்கிறது என்று வந்திருக்கிறது. கழுத்தைத் திருப்பினால் சொடக்குச் சத்தம். வைட்டமின் டி குறைவு. வலி தாங்காத இரவில் கூட வேலை செய்யும் பெண் டைக்ளோ என்ற வலி ஊசி போட்டுவிடுவாள். சமீபத்தில் இரண்டு முறை மாடிப்படியில் செருப்பு நழுவியதுகூடத் தெரியாமல் நடந்திருக்கிறேன். டிஸ்க் நசுங்கினால் கை கால் விழுந்துவிடும் என்று யூடியூபில் சொல்கிறார்கள். நான் திருப்பிப் படுக்க வைக்கும் நோயாளிகளைப் போல நானும் ஆகிவிடுவேனா? லீவு கேட்டால் வேலை போய்விடுமோ என்றும் பயம்.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: ஆக மாட்டீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். தண்டுவடம் முதல் இரண்டு இடுப்பு முள்ளெலும்புகளின் உயரத்திலேயே முடிந்துவிடுகிறது. எல்4-எல்5 இருக்கும் இடத்தில் தண்டுவடமே கிடையாது, நரம்பு வேர்கள்தான் இருக்கின்றன. அங்கே டிஸ்க் பிதுங்கினால் கையும் காலும் விழுந்து படுத்த படுக்கையாவது உடற்கூறு விதிப்படியே நடக்காது. நர்சிங் படிப்பில் படித்ததை யூடியூப் மறக்கடித்திருக்கிறது. தயவுசெய்து அதை மூடி வையுங்கள்.

எனக்கு உறுத்துவது செருப்பு நழுவிய விஷயம். அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எந்தக் கால் என்றுகூடச் சொல்லவில்லை.

நடக்கும்போது பாதத்தையும் விரல்களையும் மேலே தூக்கிப் பிடிக்கும் தசைகள்தான் செருப்பைக் காலோடு வைத்திருக்கின்றன. அவற்றுக்குப் போகும் நரம்பு சோர்ந்தால் பாதம் லேசாகத் தொங்கும், செருப்பு கழன்றுவிடும். பாதத்தின் மேல்பக்கம் மரத்தும் இருந்தால் கழன்றது தெரியவே தெரியாது. இந்த நரம்பு மூன்று இடங்களில் அடிபடலாம். இடுப்பில் பிதுங்கிய டிஸ்க் எல்5 வேரை அழுத்தலாம். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கத்தில், தோலுக்குக் கொஞ்சம் அடியிலேயே ஓடும் இடத்தில் நசுங்கலாம். வெகுநேரம் குந்தி உட்கார்பவர்களுக்கும் கால்மேல் கால் போடுபவர்களுக்கும் இது வரும். மூன்றாவது இடம் புட்டம். இடம் தவறிப் போட்ட ஊசி, அதன் வழியே காலுக்கு இறங்கும் சயாட்டிக் நரம்பைக் காயப்படுத்தலாம்.

அதனால்தான் எந்தக் கால் என்று கேட்கிறேன். நழுவிய காலும் டைக்ளோ போட்ட பக்கமும் ஒன்றா? ஊசி இறங்கியதும் காலுக்குள் மின்சாரம் பாய்ந்ததுபோல் இருந்ததா? விடியற்காலை மூன்று மணிக்கு, பாதி இருட்டில், நின்றபடியே, அவசரமாகப் போட்ட ஊசி எந்த இடத்தில் இறங்கியது என்று உங்களாலும் சொல்ல முடியாது, போட்டவராலும் சொல்ல முடியாது. நோயாளிக்கு இப்படிப் போட நீங்கள் சம்மதிப்பீர்களா?

இன்றைக்கே ஒரு சோதனை செய்யுங்கள். சுவரைத் தொட்டுக்கொண்டு, முன்பாதத்தைத் தூக்கி, குதிகாலிலேயே பத்து அடி நடங்கள். பிறகு உட்கார்ந்து, இரண்டு கட்டைவிரல்களையும் மேலே தூக்கி, அவற்றைக் கையால் கீழே அழுத்திப் பாருங்கள். ஒரு பக்கம் தோற்றுப்போனால் நாளைக் காலையிலேயே எலும்பு மருத்துவரிடமோ நரம்பு மருத்துவரிடமோ போக வேண்டும். டூட்டி மாற்ற ஆள் கிடைக்கவில்லை என்று அடுத்த வாரத்துக்குத் தள்ளக் கூடாது. இரண்டு பக்கமும் சமமாக இருந்தாலும் இந்த வாரத்துக்குள் ஒருவர் உங்கள் காலைத் தொட்டுப் பரிசோதிக்க வேண்டும். எம்ஆர்ஐ படம் உங்கள் கட்டைவிரலின் பலத்தைச் சொல்லாது.

இதைவிட அவசரமானது ஒன்று உண்டு. நீங்கள் நர்ஸ் என்பதால் அதைத் தவறவிட வாய்ப்பு அதிகம். டூட்டியில் தண்ணீர் குடிக்காமலும், வந்த சிறுநீரை அடக்கியும் பழகியவர்கள் நீங்கள் எல்லோரும். எட்டு மணி நேரம் பாத்ரூம் போகவில்லை என்றால் உங்களுக்கு அது சாதாரணம். ஆனால் முட்டும் உணர்ச்சியே வராமல் போனாலோ, உட்கார்ந்தும் சிறுநீர் இறங்காவிட்டாலோ, கழுவும்போது அந்த இடம் மரத்திருந்தாலோ, வலி இரண்டு காலுக்கும் பரவினாலோ, அந்த நிமிடமே கேஷுவாலிட்டிக்குப் போய்விடுங்கள். உங்கள் வீட்டுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கம்தான். அடிமுதுகில் நரம்புக் கற்றை மொத்தமாக நசுங்குவதன் அடையாளம் அது. அங்கே மணிக்கணக்குதான் பேசும். தாமதித்தால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம். அபூர்வமாகத்தான் வரும். வந்தால் வலி மாத்திரை போட்டுக்கொண்டு அடுத்த டூட்டிக்காரரிடம் ஹேண்ட் ஓவர் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

மற்றவற்றைச் சீக்கிரம் முடித்துவிடலாம். டிஸ்க் பல்ஜ்: முதுகுவலியே இல்லாத சுமார் 3,100 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு 2015இல் வந்தது. அதில் 40 வயதுக்காரர்களில் பாதிப் பேருக்குப் பல்ஜ் இருந்தது. கழுத்துச் சொடக்கு வலியில்லாமல் வந்தால் அதற்கு வைத்தியம் தேவையில்லை. வைட்டமின் டி குறைவென்றால் மருத்துவர் சொன்ன அளவில் சாப்பிடுங்கள், இடுப்பு வலி அதனால் போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். டிஸ்க்கால் வரும் கால்வலியில் பெரும்பாலானவை சில வாரங்களில், அதிகம் போனால் மூன்று மாதத்தில், கத்தி படாமலே தணிந்துவிடும். படுத்தே கிடந்தால்தான் மோசமாகும். நடங்கள்.

டைக்ளோ ஊசியை இன்றோடு நிறுத்துங்கள். வாயால் மாத்திரை விழுங்க முடிகிறவருக்கு இடுப்பு வலிக்காக அந்த ஊசி அவசியமே இல்லை. ஊசி என்பதால் வயிற்றைத் தொடாது என்று வார்டில் ஒரு நம்பிக்கை இருக்கிறது, அது தவறு. ரத்தத்தில் கலந்துதான் அது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. இரவெல்லாம் தண்ணீர் குடிக்காத உடம்பில் 75 மி.கி. ஆம்பூல் இறங்கினால் சிறுநீரகம் என்ன பாடுபடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை மாதமாக இது நடக்கிறது என்று எழுதவில்லை. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் ரத்த அழுத்தமும் பார்த்துவிடுங்கள்.

இனி வலி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த வாட்டர்ஸ் 2007இல் ஒரு கணக்குச் சொன்னார்: நோயாளியைக் கையால் தூக்குவதில், நிலைமை எல்லாம் சாதகமாக இருந்தாலும், ஒருவர் தாங்கக்கூடியது சுமார் 16 கிலோ. லாரித் தண்ணீர் பிடிக்கும் பிளாஸ்டிக் குடம் ஒன்று நிறைந்தால் அந்த எடைதான். மயக்கத்தில் இருக்கும் 70 கிலோ மனிதரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டுவதும், கட்டிலில் மேலே இழுப்பதும் எந்தக் கணக்கில் சேரும்? முதுகை நேராக வை, முட்டியை மடக்கு என்று சொல்லித்தருவது மட்டும் நர்ஸ்களின் முதுகைக் காப்பாற்றவில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டிவிட்டன. தவறாகத் தூக்கிவிட்டோமோ என்று உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம். சுமை அதிகம், ஆள் குறைவு, அவ்வளவுதான்.

நோயாளியைத் தூக்காமல் வழுக்கி நகர்த்த ஸ்லைடு ஷீட் என்று ஒரு நைலான் விரிப்பு உண்டு. லட்சக்கணக்கில் வென்டிலேட்டர் வாங்கும் மருத்துவமனைகள் பல அதை வாங்குவதில்லை என்பது எனக்கு ஆத்திரம் தரும் விஷயம். தனியாகக் கேட்காதீர்கள், இன்சார்ஜ் சிஸ்டரையும் சேர்த்துக்கொண்டு எல்லோரும் கையெழுத்துப் போட்டு எழுத்தில் கேளுங்கள். அதுவரை, புரட்டுவதற்கு முன் கட்டிலை உங்கள் இடுப்பு உயரத்துக்கு ஏற்றுங்கள். அரை நிமிடம் ஆகும். ஆயாவோ வார்டு பாயோ வரும்வரை தனியாகத் தொடாதீர்கள். வீட்டில் மூன்று மாடிக்குக் குடம் தூக்குவது இப்போதைக்கு வீட்டிலுள்ள மற்றவர்கள் வேலை. உங்களுக்கு வலிக்கிறது என்று அவர்களிடம் வாய்விட்டுச் சொன்னீர்களா?

லீவு விஷயம். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீட்டுப் பிடித்தம் இருக்கிறதா பாருங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு அது பொருந்தும். தேவையான சந்தா நாட்கள் இருந்தால் நோய்க்கால உதவியாக வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனை உங்களுக்குத் தூரமில்லை. போகும்போது எம்ஆர்ஐயோடு, ஊசி எந்தத் தேதிகளில் எந்தப் பக்கம் போட்டீர்கள் என்றும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மருத்துவச் சான்றை முதல் நாளே கேட்டு வாங்கிவிடுங்கள்.