கொலையாளியை யாரிடம் சொல்லலாம்?

அன்புள்ள ஐயா,

வணக்கம். மூன்று வருடமாக எழுதி ஒரு துப்பறியும் நாவலை முடித்திருக்கிறேன். முந்நூறு பக்கம் வரும். முதல் ஆறு அத்தியாயங்களில் இன்ஸ்பெக்டரின் இளமைக்காலம், ஏழாவதில் கொலை. [இங்கே இரண்டு வரிகளை நீக்கியிருக்கிறேன். காரணம் பதிலின் கடைசியில்.] ஒரு பதிப்பகம் ஐந்து மாதமாகப் பதில் சொல்லவில்லை. இன்னொன்று உடனே போடுவதாகச் சொல்கிறது, ஆனால் அச்சுச் செலவு என்னுடையதாம். நண்பர்கள் மின்னூலாகப் போட்டுவிடு என்கிறார்கள். எப்படி வெளியிட்டாலும் யாருக்கும் தெரியாமலே போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. 'யாராலும் யூகிக்க முடியாத முடிவு' என்று ஒரு முன்னோட்ட வீடியோ செய்தேன். தினமும் நாவலிலிருந்து ஒரு வரி பதிவிடுகிறேன். ஒன்றும் நடக்கவில்லை. குற்றக்கதை எழுதுகிறவர் தன் புத்தகத்தை எப்படித்தான் நாலு பேரிடம் கொண்டுபோவது? நேரமிருந்தால் கைப்பிரதியைப் படித்துச் சொல்வீர்களா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

என் முதல் நாவலின் வெளியீட்டு விழாவை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்கும். சிறப்பு விருந்தினர் நாவலை உண்மையிலேயே படித்துவிட்டு வந்திருந்தார். அதுதான் வினையாகப் போயிற்று. குறிப்புத்தாளைப் பார்த்து நிதானமாகப் பேசிக்கொண்டே வந்தவர், "இதில் என்னை அசத்திய இடம், கூடவே இருந்து தேடிய தம்பியே அண்ணனைக் கொன்றிருக்கிறான் என்பதுதான்" என்றார். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் அப்போதுதான் புத்தகத்தை வாங்கி, பத்துப் பக்கம் படித்து, விரலை நடுவில் வைத்து மூடிக்கொண்டு பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். மெதுவாக அந்த விரலை எடுத்துவிட்டார். நான் மேடையில் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தேன்.

நம் தொழிலின் சங்கடம் மொத்தமும் அந்த விரலில் இருக்கிறது. மற்ற நாவலாசிரியர்கள் தங்கள் கதையின் சிறந்த இடத்தை எடுத்துக் காட்டி ஆள் சேர்க்கலாம். நமக்கு எது சிறந்த இடமோ அதைத்தான் வாயைத் திறந்து சொல்லக் கூடாது.

சரி, முடிவைச் சொல்லாமல் 'பயங்கரமான முடிவு இருக்கிறது' என்று மட்டும் சொன்னால் என்ன? உங்கள் வீடியோ அதைத்தான் செய்கிறது. அதுவும் பாதி சொன்ன மாதிரிதான். திருப்பம் இருக்கிறது என்று தெரிந்த வாசகர் முதல் பக்கத்திலிருந்தே உங்கள் இன்ஸ்பெக்டரை விட்டுவிட்டு உங்களைத் துப்பறிய ஆரம்பிக்கிறார். ரொம்ப நல்லவராக ஒருவர் வந்தால் உடனே அவர்மேல் ஒரு கண். தவிர, எல்லாப் புத்தகமும் இதையே சொல்லிக்கொள்வதால் யாரும் நம்புவதும் இல்லை.

சொல்ல வேண்டியது கேள்வியை. இருபது வருடமாக இடது கையில் கடிகாரம் கட்டிய ஒருவர் இறந்து கிடக்கிறார், கடிகாரம் வலது கையில். இவ்வளவுதான். 'அதெப்படி?' என்று கேட்க வைத்துவிட்டால் பின்னட்டைக்கும் அது போதும், வீடியோவுக்கும் போதும், பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் "என்ன சார் எழுதுறீங்க?" என்று கேட்டால் அவருக்கும் போதும்.

இங்கேதான் உங்கள் ஆறு அத்தியாயங்கள் உதைக்கின்றன. கிண்டிலில் இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் மாதிரிப் பகுதி ஏறத்தாழ புத்தகத்தில் பத்தில் ஒரு பங்கு. முந்நூறு பக்கத்துக்கு முப்பது பக்கம். உங்கள் வீடியோவைப் பார்த்து ஆர்வமாக வந்தவர் அந்த முப்பது பக்கத்தில் இன்ஸ்பெக்டர் பள்ளிக்கூடம் போனதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போகிறார். கடையில் நின்றபடி புரட்டுகிறவர் முப்பது பக்கம்கூடப் புரட்டமாட்டார். கொலையை முன்னால் கொண்டுவாருங்கள். இளமைக்காலம் அவசியம் என்றால் விசாரணைக்கு நடுவே துண்டு துண்டாக வரட்டும். பாதி வராமலே போகலாம், பரவாயில்லை. அப்புறம், 1929-ல் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார், அவரும் துப்பறியும் கதை எழுதியவர்தான், இந்த வகைக் கதைக்குப் பத்து விதிகள் போட்டார். முதல் விதியே, குற்றவாளி கதையின் ஆரம்பப் பகுதியில் தலைகாட்டியிருக்க வேண்டும் என்பது. மீதி விதிகளில் சில இன்று சிரிப்பை வரவழைக்கும். இது மட்டும் அசையவில்லை. கொலையே ஏழாவது அத்தியாயத்தில் என்றால் கொலையாளி எப்போது வருகிறார் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

விளம்பரத்துக்காக என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று தோன்றும்போதெல்லாம் நான் ஆங்கிலத் துப்பறியும் நாவலாசிரியர் எட்கர் வாலஸை நினைத்துக்கொள்வேன். 1905-ல் 'தி ஃபோர் ஜஸ்ட் மென்' நாவலை அவரே ஒரு பதிப்பகம் தொடங்கி வெளியிட்டார். பூட்டிய அறைக்குள் ஒரு மந்திரி சாகிறார். எப்படி என்ற விடையைப் புத்தகத்தில் அச்சிடாமல், சரியாகச் சொல்பவர்களுக்கு 500 பவுண்டு பரிசு என்று அறிவித்தார். ஊரெல்லாம் விளம்பரம். கேள்வியை விற்பது என்றேன் அல்லவா, அதை அவரைவிடத் துணிச்சலாக யாரும் செய்ததில்லை. புத்தகமும் நன்றாகவே விற்றது. ஆனால் பரிசு இத்தனை பேருக்குத்தான் என்று விதிமுறையில் எழுத மறந்துபோனார். சரியான விடை எழுதிய எல்லோருக்கும் பரிசு கொடுக்க வேண்டியதாயிற்று. பத்திரிகை முதலாளியிடம் கடன் வாங்கித்தான் தலை தப்பியது. பின்னால் புத்தகம் புத்தகமாக எழுதிக் குவித்தவர்தான், ஆனால் இந்த நாவலின் உரிமையைச் சொற்பத்துக்குக் கைமாற்ற வேண்டியிருந்தது. பூட்டிய அறைக்குள் ஆளைக் கொல்ல வழி கண்டுபிடித்தவருக்குத் தன் போட்டி விதியில் இருந்த ஓட்டை கண்ணில் படவில்லை!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கேட்கக் கஷ்டமாக இருந்தாலும். 2013 ஏப்ரலில் ராபர்ட் கால்பிரெய்த் என்ற புதியவரின் துப்பறியும் நாவல் ஒன்று பிரிட்டனில் வந்தது. மதிப்புரைகள் நன்றாக இருந்தன. கெட்டி அட்டைப் பதிப்பு 1,500 பிரதி போல விற்றது. ஜூலையில், எழுதியது ஹாரி பாட்டர் புகழ் ஜே.கே. ரௌலிங் என்று வெளியே தெரிந்ததும் அதே புத்தகம் விற்பனைப் பட்டியலின் உச்சிக்குப் போனது. ஒரு வரிகூட மாறவில்லை. பெரிய பதிப்பகம் இருந்தும், நல்ல மதிப்புரை இருந்தும் புதுப் பெயருக்கு அவ்வளவுதான் நடந்தது என்றால், உங்கள் வீடியோவை நொந்துகொள்வதில் அர்த்தமில்லை.

பெயரை உண்டாக்க நான் பார்த்தவரை ஒரு வழிதான் உருப்படியாக வேலை செய்கிறது: அதே இன்ஸ்பெக்டரை வைத்து அடுத்த நாவல். நம் வாசகர்கள் ஒரு துப்பறிவாளர் பிடித்துப்போனால் பின்னோக்கிப் போய் எல்லாவற்றையும் வாங்குவார்கள். ஸ்காட்லாந்து எழுத்தாளர் இயன் ரான்கின், ரீபஸ் என்ற போலீஸ் துப்பறிவாளரை வைத்து எழுதிய நாவல் வரிசை 1987-ல் தொடங்கியது, பெரிய வெற்றி எட்டாவது நாவலில்தான் வந்தது, பத்து வருடம் கழித்து. தினமும் ஒரு வரி பதிவிடும் நேரத்தில் தினமும் ஒரு பக்கம் எழுதுங்கள். வருடக் கடைசியில் கையில் இன்னொரு நாவல் இருக்கும்.

பதிப்பாளர் விஷயம். அச்சுச் செலவை உங்களிடம் வாங்குகிறவருக்குப் புத்தகம் அச்சாகும்போதே லாபம் வந்துவிடுகிறது. அதை விற்க அவர் ஏன் மெனக்கெட வேண்டும்? நீங்களே செலவு செய்வதென்றால் எடிட்டருக்கும் அட்டைக்கும் நேரடியாகச் செலவழித்து மின்னூல் போடலாம். அதில் ஒரு கவனம்: அமேசானின் கிண்டில் செலக்ட் திட்டத்தில் சேர்த்தால் 90 நாளுக்கு அந்த மின்னூலை வேறு எங்கும் விற்கக் கூடாது. பதிலாக, சந்தாதாரர்கள் படிக்கும் பக்கங்களைக் கணக்கிட்டுப் பணம் தருவார்கள். கீழே வைக்க விடாத கதைக்கு அது நல்ல ஏற்பாடுதான்.

பதில் சொல்லாத பதிப்பகத்துக்கு ஒரு நினைவூட்டல் கடிதம் போடுங்கள். ஐந்து மாதம் ஒன்றும் அதிகமில்லை. ஒப்பந்தம் வந்தால் மகிழ்ச்சியில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். கோனன் டாயில் முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலை 25 பவுண்டுக்கு முழு உரிமையோடு கொடுத்துவிட்டார். 1887-ல் அது வந்தபிறகு எவ்வளவு விற்றாலும் அவருக்கு ஒன்றுமில்லை. அகதா கிறிஸ்டியின் முதல் ஒப்பந்தத்தில், பிரிட்டனில் 2,000 பிரதி விற்ற பிறகுதான் ராயல்டி, கூடவே அடுத்த ஐந்து நாவலும் அதே பதிப்பகத்துக்கு. அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் என்று ஒவ்வொரு உரிமையும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கிறதா, எத்தனை வருடத்துக்கு என்று பாருங்கள்.

ஒரு சந்தேகம். பதிப்பகத்துக்கு அனுப்பிய கதைச்சுருக்கத்தில் முடிவைச் சொன்னீர்களா, 'புத்தகத்தைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்' என்று நிறுத்திவிட்டீர்களா? புதியவர்கள் பலர் நிறுத்திவிடுவார்கள். எடிட்டரிடம் ஒளிக்கக் கூடாது. கொலையாளி யார், ஏன், எந்தத் துப்பால் மாட்டினார் எல்லாம் ஒரு பக்கத்தில் இருக்க வேண்டும். அவர் பார்ப்பது முடிச்சு சரியாக அவிழ்கிறதா என்பதை.

அச்சுக்கு முன்னால் படிக்கக் கொடுப்பவர்களிடம் மட்டும் மூச்சு விடக் கூடாது. நான் கைப்பிரதியோடு ஒரு பென்சிலும் கொடுப்பேன். ஒவ்வொரு அத்தியாய முடிவிலும் யார்மேல் சந்தேகம் என்று ஓரத்தில் எழுத வேண்டும், அவ்வளவுதான். போன நாவலுக்கு ஒருவர் நாற்பதாம் பக்கத்தில் 'டாக்டர்தான்' என்று எழுதி, கடைசிப் பக்கத்தில் 'சொன்னேன்ல' என்று எழுதியிருந்தார். அந்த டாக்டரை மூன்று இடத்தில் திருத்தினேன். திருத்தியதை அவரிடமே திரும்பக் கொடுத்துப் பயனில்லை, புதிதாக இன்னொருவரைத்தான் தேட வேண்டும். ஒரு வாசகரை ஒரு தடவைதான் பயன்படுத்த முடியும். அதனால் பத்துப் பேர் கிடைத்தால் பத்துப் பேருக்கும் ஒரே நாளில் கொடுத்துவிடாதீர்கள்.

கடைசியாக, கைப்பிரதியைப் படிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் நான் நீக்கிய அந்த இரண்டு வரிகளில் கொலையாளி யார் என்றும், எப்படிக் கொன்றார் என்றும் எழுதியிருந்தீர்கள். ஆகவே முழுக் கைப்பிரதியை எனக்கு அனுப்ப வேண்டாம், நான் கெட்டுப்போன வாசகன். கதைச்சுருக்கத்தையும் முதல் மூன்று அத்தியாயங்களையும் அனுப்புங்கள், எடிட்டர் மாதிரி பார்த்துச் சொல்கிறேன். கொலையை முன்னால் நகர்த்திய பிறகு அனுப்பினால் போதும்.