தூரத்துப் போர்ச் செய்திகளைப் பார்த்துப் பார்த்து மனம் மரத்துப்போகிறதே, ஏன்? என்ன செய்யலாம்?

கேட்டவர் திருகோணமலைக்காரர். உக்ரேன் போர் தொடங்கிய வாரம் தூங்காமல் பார்த்ததாகவும், காசாவுக்கும் அப்படியே பார்த்ததாகவும், இப்போது சூடான் என்ற தலைப்பைக் கண்டாலே விரல் தானாகத் தள்ளிவிடுவதாகவும் எழுதியிருக்கிறார். "நாங்களே போரைத் தின்று வளர்ந்த சனம், எங்களுக்கே இப்படியென்றால் மனம் கல்லாகிவிட்டதா?" என்பது கேள்வி.

கல்லாகவில்லை. உங்களைப் போன்றவர்கள் ஏராளம். ராய்ட்டர்ஸ் ஆய்வு நிறுவனம் வருடாவருடம் பல நாடுகளில் எடுக்கும் கணிப்பில், செய்தியை அவ்வப்போதோ அடிக்கடியோ வேண்டுமென்றே தவிர்ப்பதாகச் சொன்னவர்கள் 2017இல் 29 வீதம், 2024இல் 39 வீதம். இலங்கை அந்தக் கணிப்பில் இல்லை. இருந்திருந்தால் எண் குறைந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. களைப்புக்கான காரணத்தில் பெரும்பங்கு உங்கள் மனதில் இல்லை, செய்தி உங்களிடம் வந்து சேரும் விதத்தில் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் ஒரு எளிய கணக்கு. காலையில் ஒரு பத்திரிகை, பகலில் இரண்டு இணையத்தளம், இரவில் தொலைக்காட்சி, இடையில் நாலைந்து வட்ஸ்அப் குழு. இத்தனை இடத்தில் ஒரே குண்டுவீச்சைப் படிக்கிறீர்கள். ஆனால் எழுதியவர் பெரும்பாலும் ஒருவர்தான். தூரத்துப் போர்களுக்கு எங்கள் ஊடகங்கள் நம்பியிருப்பது ராய்ட்டர்ஸ், ஏஎஃப்பி, ஏபி ஆகிய மூன்று செய்தி நிறுவனங்களை. போர்க்களத்துக்கு ஆள் அனுப்புவதென்றால் விசா, போர்க்காப்புறுதி, குண்டு துளைக்காத அங்கி, உள்ளூர் வழிகாட்டி, வாகனம் என்று செலவு போகும். எங்கள் பத்திரிகைகளுக்கு அது கட்டாது. அதனால் நிறுவனம் அனுப்பிய ஒரே பிரதி ஐந்து தலைப்போடு, ஐந்து படத்தோடு உங்களிடம் வருகிறது. மூளை அதை ஐந்து அழிவாக எண்ணிக்கொள்கிறது, தெரிந்துகொண்டதோ ஒன்றுதான். செய்தியின் முதல் வரியிலோ கடைசி வரியிலோ நிறுவனத்தின் பெயர் இருக்கும். அதைப் பார்த்து, அந்த நிகழ்வை ஒரே இடத்தில் படித்துவிட்டு மற்றதைக் கடந்து போகலாம். கட்டுரையை இதோடு நிறுத்திவிட்டுப் போகிறவர்களுக்கும் இது ஒன்றே போதும்.

அடுத்தது, செய்தியின் தாளமும் போரின் தாளமும் ஒத்துப்போவதில்லை. 1965இல் யொஹான் கல்துங், மாரி ரூகே என்ற இரு ஆய்வாளர்கள் நோர்வேயின் நான்கு நாளிதழ்களில் கொங்கோ, கியூபா, சைப்ரஸ் நெருக்கடிகள் எப்படி வந்தன என்று பார்த்தார்கள். ஒரு நாளுக்குள் தொடங்கி முடிவது செய்தியாகிறது, மெல்ல நடப்பது ஆவதில்லை என்பது அவர்கள் சொன்னவற்றில் முதன்மையானது. உக்ரேனின் பக்முத் நகருக்கான சண்டை 2022 ஓகஸ்டிலிருந்து 2023 மே வரை இழுத்தது. அத்தனை மாதமும் "கடும் சண்டை தொடர்கிறது" என்ற ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தோம்.

இதற்கு இன்னும் கொடிய உதாரணம் சூடானின் எல் பாஷர். சூடான் போர் 2023 ஏப்ரல் 15இல் இராணுவத்துக்கும் ஆர்எஸ்எப் துணைப்படைக்கும் இடையே மூண்டது. டார்பூரில் இராணுவத்தின் கையில் மிஞ்சியிருந்த கடைசிப் பெரிய நகரம் எல் பாஷர். ஆர்எஸ்எப் அதை 500 நாட்களுக்கு மேல் சுற்றிவளைத்து வைத்திருந்தது. நகரைச் சுற்றி மண் அணை எழுப்பினார்கள். யேல் பல்கலைக்கழக ஆய்வுகூடம் அந்த அணை நாளுக்கு நாள் நீள்வதைச் செய்மதிப் படங்களில் காட்டிக்கொண்டே இருந்தது. உள்ளே சனம் அம்பாஸ் தின்றது. அம்பாஸ் என்றால் நிலக்கடலையில் எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் சக்கை, நாங்கள் மாட்டுக்கு வைக்கும் அதே கடலைப் பிண்ணாக்கு. பிறகு அதுவும் கிடைக்கவில்லை. இவ்வளவு காலமும் எங்கள் வெளிநாட்டுப் பக்கத்தில் எல் பாஷர் எத்தனை முறை வந்தது? 2025 ஒக்டோபர் 26இல் நகரம் விழுந்ததும் ஒரே நாளில் உலகச் செய்தி ஆனது. காப்பாற்ற அவகாசம் இருந்த காலம் செய்தியாகவில்லை, அவகாசம் முடிந்த நாள்தான் செய்தியானது.

படங்களின் கதை வேறு. 2015 செப்டெம்பர் 2இல் துருக்கிக் கரையில் ஒதுங்கிய சிரியக் குழந்தை அலன் குர்தியின் படம் நினைவிருக்கும். சுவீடன் செஞ்சிலுவைச் சங்கத்தின் சிரிய அகதி நிதிக்கு அந்தப் படம் வந்த வாரத்தில் தினமும் கிடைத்த நன்கொடைகளின் எண்ணிக்கை, முந்திய வாரத்தைவிட நூறு மடங்குக்கு மேல். ஆறு வாரமளவில் அலை வடிந்துவிட்டது. சிரியாவில் போர் அதற்குள் முடிந்துவிடவில்லை. இன்னொரு பரிசோதனை 2007இல் வெளியானது: ஆட்களிடம் 5 டொலர் கொடுத்து, மாலி நாட்டின் ரொக்கியா என்ற ஏழு வயதுப் பிள்ளையைப் பற்றி மட்டும் சொன்னபோது சராசரியாக 2.38 டொலர் கொடுத்தார்கள். இலட்சக்கணக்கானோரின் பட்டினிப் புள்ளிவிபரத்தை மட்டும் காட்டியபோது 1.14. பிள்ளையையும் புள்ளிவிபரத்தையும் சேர்த்துக் காட்டினால் கூடும் என்றுதானே நினைப்போம்? 1.43க்கு இறங்கியது. பெரிய எண் இரக்கத்தைத் தின்றுவிடுகிறது. இது தெரிந்துதான் பத்திரிகைகள் ஒரு முகத்தைத் தேடுகின்றன. முகம் கிடைக்காத போர் பின்பக்கத்துக்குப் போகிறது. ஏமனும் சூடானும் முஸ்லிம் நாடுகள்தான். ஆனாலும் காசாவுக்காக முஸ்லிம்கள் வாழும் கிண்ணியாவிலும் மூதூரிலும் எழும் குரலில் பத்தில் ஒரு பங்குகூட அவற்றுக்கு எழுவதில்லை. மதப் பற்று மட்டும் கவனத்தைக் கொண்டுவராது. படம் வரும் வழி திறந்திருக்க வேண்டும், கதையின் முன்பாதி ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும்.

இதன் மறுபக்கத்தில் நாங்கள் நின்றிருக்கிறோம். 2008 செப்டெம்பரில் ஐ.நா. நிறுவனங்களையும் தொண்டு நிறுவனங்களையும் வன்னியைவிட்டு வெளியேறுமாறு அரசு சொன்னது. 2008 டிசெம்பர் 27 முதல் 2009 ஜனவரி 18 வரை காசாவில் போர். கிளிநொச்சி விழுந்தது அதே இடைவெளியில், ஜனவரி 2இல். இரண்டு இடத்துக்குள்ளும் வெளிநாட்டுச் செய்தியாளர் நுழையத் தடை இருந்தது. ஆனால் காசாவுக்குள் அல் ஜசீராவின் ஆட்கள் ஏற்கெனவே இருந்தார்கள், இரவுபகலாக நேரலை போனது. வன்னியிலிருந்து வந்தது சொற்பம். உலகம் எதைப் பார்த்தது என்பது உங்களுக்கே தெரியும்.

ஒரு படம் என்ன செய்யும் என்பதற்கும் திருகோணமலையிலேயே சாட்சி உண்டு. 2006 ஜனவரி 2இல் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டபோது, அவர்கள் வைத்திருந்த கைக்குண்டே வெடித்தது என்று படைத்தரப்பு சொன்னது. சுடர் ஒளிப் பத்திரிகைச் செய்தியாளர் சுகிர்தராஜன் எடுத்த படங்களில் தெரிந்தவை துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள். அதே மாதம் 24இல் அவர் நகருக்குள் சுட்டுக் கொல்லப்பட்டார். யார், எங்கே, எப்போது எடுத்தார் என்று தெரிந்த ஒரு படத்துக்கு அந்தப் பெறுமதி. குழுக்களில் வந்து விழும் பெயரில்லாத நூறு காணொளிக்கு அது இல்லை.

சரி, செய்ய வேண்டியது.

போனில் தொடங்குங்கள். வட்ஸ்அப் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் அன்ட் டேட்டா, அதற்குள் மீடியா ஓட்டோ டவுன்லோட். மொபைல் டேட்டா, வைஃபை, ரோமிங் மூன்றிலும் எல்லா அடையாளத்தையும் எடுத்துவிடுங்கள். வைஃபையை மறப்பவர்கள்தான் அதிகம், வீட்டுக்கு வந்ததும் எல்லாம் இறங்கிவிடும். பேஸ்புக்கிலும் காணொளி தானாக ஓடுவதை நிறுத்துங்கள். இனி நீங்கள் தொட்டால்தான் படம் திறக்கும். 2013 பொஸ்டன் மரதன் குண்டுவெடிப்புக்குப் பிறகு நடந்த ஓர் ஆய்வில், அடுத்த வாரத்தில் நாளுக்கு ஆறு மணித்தியாலமோ கூடவோ செய்தி பார்த்தவர்களின் மன அழுத்தம், நேரில் அகப்பட்டவர்களைவிட அதிகமாக இருந்தது. தூரம் பாதுகாப்புத் தராது. பார்க்கும் நேரத்தை வெட்டினால்தான் பலன்.

பிறகு ஒரே ஒரு போரைத் தெரிவு செய்யுங்கள். மூன்றையும் பிடிக்கப் போகிறவர்கள் சீக்கிரமே மூன்றையும் விட்டுவிடுவார்கள். வாரத்தில் ஒரு நாள், 20 அல்லது 30 நிமிடம், படுக்கப் போகுமுன் வேண்டாம். அந்த நேரத்தில் முன்னரங்கச் சண்டையைத் தேடாதீர்கள். நாலு கேள்விக்கு விடை பாருங்கள்: எந்த வீதியும் துறைமுகமும் திறந்திருக்கிறது, இடம்பெயர்ந்தோர் கூடியதா குறைந்ததா, சந்தையில் மாவும் எண்ணெயும் என்ன விலை, உதவிக்குக் கேட்ட பணத்தில் எவ்வளவு சேர்ந்தது. ஐ.நாவின் மனிதாபிமான ஒருங்கிணைப்பு அலுவலகம் நடத்தும் ரிலீஃப்வெப் தளத்தில் இவை நிலவர அறிக்கையாக வரும். ஆங்கிலம் சிரமமென்றால் உலாவியின் மொழிபெயர்ப்பு போதும், எண்களை மட்டும் மூலத்தில் சரிபாருங்கள்.

ஒரு கொப்பியில் வாரம் ஒரு வரி எழுதுங்கள். திகதி, இடம், என்ன, யார் சொன்னது. உதாரணம்: "2025 ஒக்டோபர் 26, எல் பாஷர், இராணுவத் தலைமையகத்தைப் பிடித்ததாக ஆர்எஸ்எப். மறுநாள், படை பின்வாங்கியதாக இராணுவத் தளபதி புர்ஹான்." யார் சொன்னது என்ற நாலாவது கட்டத்தை விட்டுவிட்டால் மற்ற மூன்றும் வதந்தி. இரண்டு மாதம் போனபின் கொப்பியைப் புரட்டினால் போர் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும். தினமும் பத்துத் தலைப்புப் படிப்பவருக்கு அது தெரியாது. இடையில் ஒரு வாரம் தவறினால் விட்டதைப் பிடிக்கிறேன் என்று இரண்டு மணித்தியாலம் உட்காராதீர்கள், பழைய களைப்பு அங்கேதான் திரும்பி வரும். அந்த வரியை வெறுமையாக விட்டு மேலே போங்கள்.

மரண எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டாம். உக்ரேனில் ஐ.நா. மனித உரிமைக் கண்காணிப்புக் குழு ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பொதுமக்கள் மரணங்களையே எண்ணுகிறது, உண்மை அதைவிடக் கூட என்று அதுவே எழுதுகிறது. காசாச் சுகாதார அமைச்சின் எண்ணில் இடிபாடுகளுக்குள் கிடப்பவர்கள் வரமாட்டார்கள். சூடானில் முறையாக எண்ண ஆளே இல்லை. ஏமனில் 2021 முடியும்வரை 3,77,000 பேர் என்று ஐ.நா. அபிவிருத்தித் திட்டம் மதிப்பிட்டது. அதில் ஏறத்தாழ 60 வீதம் பசி, நோய் போன்ற மறைமுகக் காரணங்களால். "பஞ்சம்" என்ற சொல்லுக்கும் அளவு உண்டு: ஐந்தில் ஒரு குடும்பத்துக்குக் கடும் உணவின்மை, 30 வீதம் சிறுவர்களுக்குக் கடும் ஊட்டக்குறைவு, பத்தாயிரம் பேரில் நாளுக்கு இருவர் சாவு. 2024 ஓகஸ்டில் எல் பாஷருக்குப் பக்கத்து சம்சம் முகாமில் பஞ்சம் உறுதியானது என்று வந்த செய்தி இந்த அளவுகளை வைத்தே. அதற்கு முந்திய கட்டத்திலும் ஆட்கள் சாகிறார்கள்.

காணொளி வந்தால்: இருட்டு, ஆடும் கமரா, மங்கல், மனித நடமாட்டம் இல்லை, சத்தமும் இல்லை என்றால் அது ஆர்மா 3 என்ற கணினி விளையாட்டாக இருக்கலாம். அந்த விளையாட்டைச் செய்த நிறுவனமே 2022இல் இந்த அடையாளங்களைச் சொல்லி எச்சரித்தது. படமென்றால், படத்தை வைத்தே இணையத்தில் தேடும் கூகுள் லென்ஸில் போட்டுப் பழைய திகதி வருகிறதா பாருங்கள்.

ஆர்வம் வருவதற்கு ஒரு வழி, போர் எங்கள் ஊருக்கு எந்தப் பாதையால் வருகிறது என்று பார்ப்பது. 2022 பெப்ரவரி 24இல் உக்ரேன் மீது படையெடுப்பு, மார்ச்சில் மசகெண்ணெய் பீப்பாய் 120 டொலரைத் தாண்டியது. எங்கள் பெற்றோல் வரிசைக்கு முதற்காரணம் நாட்டில் டொலர் இல்லாதது, போர் அதன்மேல் விழுந்த இரண்டாவது அடி. ஜூன் 26இல் 92 ஒக்டேன் லீற்றர் 470 ரூபா. சீனக்குடாவில் 99 எண்ணெய்க் குதங்களும் மாவாலையும் நிற்கும் ஊரில், கருங்கடலில் தானியக் கப்பல் ஓடுகிறதா என்பது பாண் விலைச் செய்தி. அந்தக் கப்பல்களுக்கான உடன்பாடு 2022 ஜூலை 22இல் கையெழுத்தாகி 2023 ஜூலை 17இல் முடிந்ததை எங்கள் பேக்கரிக்காரர் எத்தனை பேர் கவனித்தார்களோ.

ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். சம்பூர், மூதூர்ப் பக்கம் 2006 போரைக் கண்டவர்களுக்குக் காணொளியில் விமானச் சத்தம் கேட்டதும் நெஞ்சு படபடத்தால், கிபிர் போர்விமான நினைவு வந்து நித்திரை போனால், அது இந்தக் களைப்பு இல்லை. அவர்களுக்கு மேலே சொன்ன கொப்பியும் வேண்டாம். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் செய்தி நேரத்தில் சத்தத்தைக் குறையுங்கள் அல்லது அலைவரிசையை மாற்றுங்கள். வாரக்கணக்கில் நீடித்தால் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவைப் பாருங்கள், 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுத்தும் பேசலாம்.

பணம் கொடுக்க நினைப்பவர்கள் முதல் வாரத்தில் பெருந்தொகை கொடுத்து ஓய்வதைவிட, அதையே பிரித்து மாதாமாதம் கொடுங்கள். ஆறு வாரத்துக்குப் பிறகுதான் நிதி வறண்டுபோகும். குழந்தையின் படத்தோடு தனிநபர் வங்கிக் கணக்கு இலக்கம் வந்தால், முதலில் படத்தை லென்ஸில் தேடுங்கள், பிறகு கணக்கு யார் பெயரில், அமைப்பு எங்கே பதிவு, பணம் எந்த வழியால் அந்த நாட்டுக்குள் போகிறது என்று கேளுங்கள். பற்றுச்சீட்டுத் தராதவர்களுக்கு இரண்டாம் முறை அனுப்ப வேண்டாம்.