அயர்லாந்துல ஒரு சின்ன கிராமத்துல போய் தங்குனா போரடிக்குமா?

டப்ளின் பாத்து முடிச்சுட்டு அமைதியான கிராமம் எதுக்காவது போகலாமா, அங்க அப்படி என்ன இருக்குன்னு கேட்டிருக்கீங்க. தாராளமா போங்க. ஆனா காலைல போய் சாயங்காலம் திரும்புற மாதிரி போகாதீங்க, ராத்திரி தங்கணும், முடிஞ்சா ரெண்டு ராத்திரி.

எனக்கு நல்லா தெரிஞ்ச ஊர் க்ளேர் கவுண்டில (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) இருக்குற பாலிவான். கால்வே வளைகுடாவோட தென்கரைல சின்ன படகுத்துறை, சில பப், கடை, அவ்வளவுதான், ஊரை சுத்தி வர ரொம்ப நேரம் ஆகாது. கிளிஃப்ஸ் ஆஃப் மோஹர்ங்கிற கடலோர செங்குத்துப் பாறைகளைப் பாக்கப் போற டூர் பஸ்ஸுங்க பகல்ல இந்த வழியா வரும், அதனால மத்தியானம் பாத்தா இதுவா அமைதியான ஊர்னு தோணும், சாயங்காலம் எல்லாரும் கிளம்புனதுக்கு அப்புறம்தான் ஊர் ஊரா இருக்கும். ஜூன்ல ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். அப்ப ரோட்டோரமா நடந்தீங்கன்னா எதிர்ல கார்ல வர்றவர் ஸ்டியரிங்ல இருந்து ஆள்காட்டி விரலை மட்டும் தூக்கி வணக்கம் சொல்ற மாதிரி காட்டிட்டு போவார், உங்களை யாருன்னே தெரியாது, ஆனாலும் செய்வார், எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் இது.

ஊருக்கு பின்னாடியே பர்ரன் ஆரம்பிச்சுடும். சாம்பல் கலர்ல வெறும் சுண்ணாம்புக்கல் மலை, தூரத்துல இருந்து பாத்தா புல் பூண்டு கூட முளைக்காதுன்னு நினைப்பீங்க. கிட்ட போய் குனிஞ்சு பாருங்க, பாறை நீள நீளமா வெடிச்சிருக்கும், அந்த வெடிப்புக்குள்ள கை விட்டா ஜில்லுன்னு ஈரம், உள்ள பெரணிச் செடி. ஏப்ரல் கடைசி, மே மாசம்னா ஜென்ஷியன்னு ஒரு குட்டிப் பூ பூக்கும், அப்படி ஒரு நீலத்தை நான் வேற எங்கயும் பாத்ததில்ல. அது பூக்குறதுக்கு மாடுங்களும் ஒரு காரணம். மத்த இடத்துல குளிர்காலம் வந்தா மாட்டை மலைல இருந்து கீழ இறக்குவாங்க, இங்க அப்பதான் மேல ஓட்டிட்டுப் போவாங்க, ஏன்னா சுண்ணாம்புக்கல் கோடைல வாங்குன சூட்டை மெதுவா விடும், மழைத்தண்ணி கல் இடுக்குல இறங்கிடும், தரை சொதசொதன்னு ஆகாது. குளிர்காலம் பூரா முரட்டுப் புல்லை மாடு மேஞ்சு முடிச்சுடுறதால வசந்தத்துல பூவுக்கு வெயில் கிடைக்குது. அங்க விவசாயம் பண்றவங்க இல்லைன்னா அந்த மலையே புதர் மண்டிப் போயிடும்.

பக்கத்துலயே பூல்னப்ரோன் கல்திட்டை இருக்கு, கல்லை நிறுத்தி மேல பெரிய பலகைக்கல் வச்ச பழங்கால புதைகுழி, 5,000 வருஷத்துக்கும் மேல பழசு. 1986ல தோண்டுனப்ப 30 பேருக்கு மேல புதைச்ச எலும்பு கிடைச்சுது, சின்ன குழந்தைங்களோடதும் சேத்து. பஸ் கூட்டம் வர்றதுக்கு முன்னாடி காலைலயே போயிடுங்க.

ராத்திரி பப்புக்கு கண்டிப்பா போங்க, குடிக்கலைன்னாலும் பரவால்ல, டீ கேட்டாலும் யாரும் ஒரு மாதிரி பாக்க மாட்டாங்க. மேடை மைக் எதுவும் கிடையாது, ஒரு மூலைல மேஜையைச் சுத்தி உக்காந்து ஃபிடில் (வயலின்தான்), கான்சர்ட்டினா (கையால அமுக்கி இழுத்து வாசிக்குற சின்ன பெட்டி), புல்லாங்குழல்னு வாசிப்பாங்க, ஒருத்தர் ஆரம்பிச்சா மத்தவங்க ட்யூனை பிடிச்சுகிட்டு சேந்துப்பாங்க. யாராவது தனியா பாட ஆரம்பிச்சா மட்டும் பேச்சை நிறுத்திடுங்க, அந்த மரியாதையை அங்க எல்லாரும் குடுப்பாங்க.

கால்வேல இருந்து 350 நம்பர் பஸ் இருக்கு, அடிக்கடி வராது, டைம் பாத்துக்கோங்க. கார்னா நம்ம ஊர் மாதிரி இடது பக்கம்தான், ஆனா உள் ரோடெல்லாம் ஒரு வண்டி போற அகலம், எதிர்ல ட்ராக்டர் வந்தா ரிவர்ஸ் எடுக்க தெரிஞ்சிருக்கணும். சாப்பாட்டை எட்டு மணிக்குள்ள முடிச்சுக்கோங்க, பப் திறந்திருந்தாலும் கிச்சனை சீக்கிரம் மூடிடுவாங்க. மழை கோட் எந்த மாசம் போனாலும் எடுத்துக்கோங்க. நடக்குற வழில கேட் வந்தா திறந்து போனதும் மறக்காம சாத்திடுங்க, உள்ள மாடு இருக்கும்.