இயந்திரம் யார் பேச்சைக் கேட்கும்?

கேள்வி: அப்பாவுக்குக் காய்ச்சல், மூட்டு வலி. "டெங்கு டெஸ்ட் நெகட்டிவ், இபுபுரூஃபென் கொடுக்கலாம்" என்றார் ஒரு டாக்டர். "அது டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 டெஸ்ட், காய்ச்சலின் ஏழாம் நாள் எடுத்ததை நம்பிக் கொடுக்காதீர்கள்" என்றார் இன்னொருவர். இந்த மாதிரி சமயத்தில் செயற்கை நுண்ணறிவு யார் பேச்சைக் கேட்கும்?
– வாசகி, காரைக்குடி

பதில்: ஆளைப் பார்க்கக் கூடாது அம்மா, வாதத்தைத்தான் பார்க்க வேண்டும். இதற்கு எளிய கணக்கு ஒன்றை 1995இல் தந்தவர் ஃபான் மின் டுங். கணினி அறிஞர், வியட்நாம்காரர், பாங்காக்குக்குப் பக்கத்தில் உள்ள ஆசியத் தொழில்நுட்பக் கழகத்தில் இருந்தவர்.

வகுப்பில் இதை நான் துண்டுச் சீட்டுகளை வைத்துத்தான் நடத்துவேன். உங்கள் வீட்டு விஷயத்தையே நான்கு சீட்டில் எழுதுவோம். ஒன்று: வலிக்கு இபுபுரூஃபென் கொடு. இரண்டு: டெங்குவாக இருக்கலாம், கொடுத்தால் ரத்தக் கசிவு ஆபத்து. மூன்று: டெஸ்ட் நெகட்டிவ். நான்கு: அந்த டெஸ்ட் முதல் சில நாட்களில்தான் நன்றாகக் காட்டும், ஏழாம் நாள் நெகட்டிவ் வந்தால் நம்ப முடியாது.

எது எதை வெட்டுகிறதோ அதற்கு அம்புக்குறி போடுங்கள். நான்காவதை வெட்ட ஆளில்லை, அது நிற்கும். அதனால் மூன்றாவது விழும். மூன்றாவது விழுந்ததால் இரண்டாவது பிழைக்கும், முதலாவது போய்விடும். மாத்திரை வேண்டாம்! நான்காவது சீட்டு 'டெங்குதான்' என்று சொல்லவே இல்லை, கவனித்தீர்களா? டெஸ்ட்டின் மேல் இருந்த நம்பிக்கையை மட்டும் உடைத்தது. எதிர்த்து மறுப்பது வேறு, ஆதாரத்தின் வேரை அறுப்பது வேறு என்று தத்துவ அறிஞர் ஜான் பொல்லாக் பிரித்துக் காட்டியது இதைத்தான்.

சரி, இரண்டு வாதங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, வேறு எதுவும் குறுக்கே வராவிட்டால்? டுங் வகுத்த முறைகளில் மிகவும் எச்சரிக்கையானது எந்தப் பக்கமும் சாயாது, 'முடிவில்லை' என்று விட்டுவிடும். எனக்கு அது மிகவும் பிடிக்கும்.

நிச்சயமின்மையை எண்ணாக எழுதும் வழியும் உண்டு. 1970களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான மைசின் என்ற கணினி நிரல், தொற்று நோய்களைக் கணிக்கும்போது ஒவ்வொரு ஊகத்துக்கும் -1 முதல் +1 வரை மதிப்பெண் போட்டது. பிறகு கணினி அறிஞர் ஜூடியா பேர்ல் நிகழ்தகவை முறையாகக் கொண்டுவந்தார். எண் வேண்டியதுதான், நான்காவது சீட்டுக்கே 'எவ்வளவு உறுதி?' என்று கேட்கலாமே. ஆனால் இயந்திரம் '0.7' என்று மட்டும் சொன்னால் உங்களால் என்ன பதில் பேச முடியும்? சீட்டு கையில் இருந்தால், "இல்லை டாக்டர், ரத்தம் எடுத்தது இரண்டாம் நாள்" என்று ஐந்தாவது சீட்டை நீங்களே வைக்கலாம். உடனே நான்காவது விழுந்து, மூன்றாவது எழுந்துவிடும்.