சரக்குக் கப்பல்களுக்கும் வீர விருது கொடுக்கிறார்களா? போர்க்கப்பல் அல்லாத ஒன்று அப்படி என்ன செய்துவிடுகிறது?

கொடுக்கிறார்கள். என்ன செய்கிறது என்பதைச் சொல்லத்தான் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

நான் வல்வெட்டித்துறை. பதினாலு வருடம் சரக்குக் கப்பல்களில் வேலை செய்தவன். இங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்த கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். கப்பல் கதை என்றால் சுருக்கிச் சொல்ல வராது.

அமெரிக்காவில் 'வீரக் கப்பல்' என்றே ஒரு விருது இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தொடங்கியது. கப்பலுக்கு ஒரு பட்டயம், அதில் இருந்தவர்களுக்கு மார்பில் குத்தும் ஒரு ரிப்பன். 1942 செப்டெம்பரில் ஸ்டீபன் ஹொப்கின்ஸ் என்ற சரக்குக் கப்பல் ஜேர்மனியரின் ஆயுதக் கப்பலான ஸ்டியருடன் மோதி, தானும் மூழ்கி அதையும் மூழ்கடித்தது. தப்பிய 15 பேர் உயிர்காப்புப் படகில் 31 நாள் கடலில் கிடந்து பிரேசில் கரையை அடைந்தார்கள். அது சண்டை. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது மெரடித் விக்டரி என்ற சரக்குக் கப்பல்.

1950 டிசம்பர், கொரியப் போர். வடகொரியாவின் ஹுங்னாம் துறைமுகத்தில் சனம் குவிந்து நிற்கிறது, பின்னால் சீனப் படை நெருங்கி வருகிறது. மெரடித் விக்டரியில் மாலுமிகளைத் தவிர 12 பயணிகளுக்குத்தான் இடம். கப்டன் லெனார்ட் லாரூவுக்கு அப்போது 36 வயது. ஏற்றக்கூடிய அளவுக்கு ஏற்றுங்கள் என்று சொல்லிவிட்டார். பாரந்தூக்கியால் சாமான் இறக்குவதுபோலப் பலகைத் தட்டுகளில் ஆட்களை வைத்துச் சரக்கறைக்குள் இறக்கினார்கள். விடிய விடிய இறக்கி, 14,000 பேர்.

நான் சரக்கறைக்குள் இறங்கி வேலை செய்திருக்கிறேன். மூடியை மூடினால் கும்மிருட்டு. நாலு பக்கமும் இரும்பு, குளிர் காலத்தில் அந்த இரும்பில் கை வைக்க முடியாது. அந்த இருட்டில் தாய்மாரும் குழந்தைகளும் தோளோடு தோள் நெருக்கி நின்றார்கள். சாப்பாடு இல்லை, வைத்தியர் இல்லை, மொழி தெரிந்தவர் இல்லை. கப்பலிலேயே விமான எரிபொருள் இருந்தது. வெளியே கண்ணிவெடி விதைத்த கடல். பூசானுக்குப் போனால் அங்கே இடமில்லை என்றார்கள். அப்புறம் கோஜே தீவுக்குப் போய் இறக்கினார்கள். ஒருவரும் சாகவில்லை. வழியில் ஐந்து குழந்தைகள் பிறந்தன. பின்னாளில் தென்கொரியாவின் ஜனாதிபதியான மூன் ஜே-இன்னின் தாய் தகப்பனும் அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள்தான். விருது 1960 இல் வந்தது. அதற்குள் லாரூ கடலை விட்டுத் துறவியாகிவிட்டார்.

எங்கள் பக்கத்துக் கடலில் நடந்தது ஒன்றும் இருக்கிறது. 2015 ஜூனில் துர்கம்மா என்ற மீன்பிடிப் படகு இஞ்சின் பழுதாகி, நங்கூரமும் போய், ஒடிசா கரைக்கு அப்பால் ஏழு பேருடன் அலைந்துகொண்டிருந்தது. சாப்பாடும் தண்ணீரும் கடலோடு போய்விட, மீனுக்கு வைத்திருந்த ஐஸைத் தின்று உயிரைப் பிடித்திருந்தார்கள். சம்பூர்ண ஸ்வராஜ்ய என்ற இந்திய எண்ணெய்க் கப்பல் அவர்களைக் கண்டது. கப்டன் ராதிகா மேனன். அந்தக் காற்றிலும் அலையிலும் மூன்றாம் முயற்சியில்தான் எல்லோரையும் ஏற்ற முடிந்தது. வீட்டில் அவர்களுக்குக் காரியம் செய்ய ஆயத்தமாகியிருந்தார்களாம். சர்வதேசக் கடல்சார் அமைப்பு கடலில் காட்டும் துணிவுக்கென்று கொடுக்கும் விருது 2016 இல் ராதிகா மேனனுக்குக் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் பெண் அவர்.

ஆபத்தில் இருப்பவரைக் காப்பாற்றுவது கப்டனின் கடமை என்று கடற்சட்டமே சொல்கிறது. பிறகு எதற்கு விருது என்று கேட்கலாம். சட்டம் சொன்னாலும் திருப்புகிற கை அவருடையது. பெரிய கப்பல் பிரேக் போட்டு நிற்காது, மைல் கணக்கில் ஓடித்தான் நிற்கும். கிட்டப் போனால் அதன் பக்கமே சின்னப் படகை நொறுக்கிவிடும். பிந்துகிற ஒவ்வொரு மணிக்கும் முதலாளிக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். ஏற்றிய பிறகு இறக்க ஒரு துறைமுகம் வேண்டும்.

அந்தக் கடைசிப் பிரச்சினையில் மாட்டியது நோர்வேயின் டம்பா. 2001 ஓகஸ்டில் இந்து சமுத்திரத்தில் மூழ்கப்போன படகிலிருந்து 438 பேரை ஏற்றியது, பெரும்பாலானோர் ஆப்கானியர். அவுஸ்திரேலியா உள்ளே விட மறுத்து, கடைசியில் ஆயுதம் தாங்கிய படையினரைக் கப்பலில் ஏற்றியது. கப்டன் ஆர்னே ரின்னான் ஏற்றியவர்களைக் கைவிடவில்லை. அடுத்த வருடம் அவருக்கும் மாலுமிகளுக்கும் கம்பனிக்கும் ஐ.நா. அகதிகள் நிறுவனத்தின் நான்சென் விருது கிடைத்தது.

எங்கள் சனத்துக்கு இதெல்லாம் தூரத்துக் கதை இல்லை. 1986 ஓகஸ்டில் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கடலில் 155 தமிழரை இரண்டு உயிர்காப்புப் படகுகளில் இறக்கிவிட்டுப் போனது ஒரு கப்பல். அவர்களைக் கண்டு ஏற்றியவர் கஸ் டால்டன் என்ற மீன்பிடிக் கப்டன். 2022 நவம்பரில் இலங்கையர் 303 பேரை ஹீலியோஸ் லீடர் என்ற யப்பான் கப்பல் காப்பாற்றி வியட்நாமில் இறக்கியபோது, இங்கே எத்தனை வீட்டில் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும்.

என் சொந்த அனுபவம் ஒன்றுதான். வங்காள விரிகுடாவில் ஒரு விடியற்காலை, நாலு பேருடன் ஒரு படகு. எங்கள் கப்டன் கப்பலைக் காற்றுக்குக் குறுக்கே நிறுத்தி, மறுபக்கத்தில் கொஞ்சம் அடங்கிய தண்ணீரை உண்டாக்கினார். கயிற்று ஏணியைப் போட்டோம். முதல் ஆளுக்குக் கயிற்றைப் பிடிக்க முடியவில்லை. உப்பில் ஊறி விரல்கள் வீங்கி, மடங்கவே மறுத்தன. உடனே வலையை இறக்கினோம். பதற்றத்தில் நான் தமிழில் கத்திவிட்டேன்: "அண்ணை, வலைக்குள்ள காலை வையுங்கோ, நாங்கள் இழுக்கிறம்!" கீழே இருந்த வயதானவர் நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, நீ யாழ்ப்பாணமா?" நாகப்பட்டினத்துக்காரர்கள்.

தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு மணிக்கட்டாலும் அணைத்துப் பிடித்துத்தான் குடித்தார். அவர்கள் கண்ட முதல் கப்பல் நாங்கள் இல்லையாம். அதற்கு முந்திய நாள் ஒன்று வந்து, விலகிப் போனதாம். சட்டையைக் கழற்றி வீசிக் காட்டினார்களாம்.

ஒன்பது மணி நேரம் பிந்தினோம். கப்டன் அதைப் பதிவேட்டில் ஒரு வரியில் எழுதினார். விருது எதுவும் வரவில்லை. கரையில் இறங்க முன்னம் அந்தப் பெரியவர் கப்பலின் பெயரை எழுதித் தரச் சொன்னார். பிஸ்கட் பெட்டியின் அட்டையைக் கிழித்துத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். நாங்கள் கொடுத்த உடுப்பின் உள்பையில் வைத்து, பொத்தானைப் போட விரல் மடங்காமல், என்னைப் போட்டுவிடச் சொன்னார்.