முதல் கப்பல் பயணத்துக்கு என்ன துணி எடுப்பது? கேள்வி பதில்

2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல் கிளம்பத் தொடங்கியதிலிருந்து நம் பக்கத்து ஆட்கள் என்னிடம் அடிக்கடி விசாரிக்கிறார்கள். பிள்ளைகள் சிங்கப்பூரில் இருக்கும் வீடுகளில் அங்கே போய்க் கப்பல் ஏறுகிறார்கள். நான் பாம்பன்காரன். ஒன்பது வருடம் பயணிகள் கப்பலில் அறை பராமரிப்பு வேலை பார்த்தேன். யார் என்ன துணி கொண்டுவந்தார்கள், எதை உடுத்தினார்கள், எது மடிப்புக் கலையாமல் திரும்பிப் போனது என்பதையெல்லாம் தினமும் பார்த்தவன். கேட்டவர்களுக்கு என் பதில்கள் இவை.

பரமக்குடியிலிருந்து ஒரு அக்கா: நாலு ராத்திரிப் பயணம். நானும் வீட்டுக்காரரும் மகளும் போகிறோம். ஆளுக்கு ஒரு பெரிய பெட்டி போதுமா?

ஆளுக்கு ஒன்று வேண்டாம் அக்கா. மூன்று பேருக்கும் சேர்த்து நடுத்தர அளவில் இரண்டு பெட்டி போதும். கப்பலில் ஜன்னல் இல்லாத உள்ளறை பெரும்பாலும் 120 முதல் 180 சதுர அடிதான். அதற்குள்ளேயே கட்டில், அலமாரி, குளியலறை எல்லாம். ஒருமுறை மூன்று பேர் ஐந்து பெட்டியோடு வந்தார்கள். இரண்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன், இரண்டை அலமாரியை ஒட்டி நிறுத்தினேன். மிச்சம் ஒன்று குளியலறை வாசலில் நின்றது. யாராவது குளிக்கப் போகும்போதெல்லாம் அதைத் தூக்கிக் கட்டிலில் வைக்க வேண்டும், வந்ததும் இறக்க வேண்டும். கடைசி நாள் பார்த்தால் அதில் இரண்டு பெட்டியைத் திறக்கவே இல்லை.

நாலு ராத்திரிக்கு ஒருவருக்குப் பகல் உடுப்பு மூன்று, சாயங்கால உடுப்பு மூன்று (அதில் ஒன்று நல்லதாக), இரவு உடுப்பு இரண்டு, உள்ளாடை நாளுக்கு ஒன்றும் கூடுதலாக இரண்டும், கப்பலின் நீச்சல் குளத்தில் இறங்க ஒரு செட். ஆளுக்கொரு சால்வையோ ஸ்வெட்டரோ கட்டாயம். வெயில் காலம்தானே என்று அதை விட்டுவிடாதீர்கள். சாப்பாட்டுக் கூடத்திலும் நாடக அரங்கிலும் ஏசி எலும்பு வரை ஏறும். வெயில் மாதத்தில் வந்தவர்கள்தான் என்னிடம் கூடுதல் போர்வை அதிகம் கேட்டிருக்கிறார்கள்.

ராமநாதபுரத்திலிருந்து ஒரு தம்பி: பெட்டியைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்களாமே?

ஆமாம். அறை எண் எழுதிய அட்டையைக் கட்டி வாங்கிக்கொள்வார்கள். ஸ்கேன் முடிந்து அறை வாசலுக்கு வர மூன்று நான்கு மணி நேரம் ஆகும், சில நாள் இருட்டிவிடும். நீங்கள் போட் மெயில் ரயிலிலோ சேது ரயிலிலோ ராத்திரி முழுக்க வந்து, அதே கசங்கிய துணியோடு சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்க வேண்டாம். தோளில் மாட்டும் பையில் ஒரு மாற்றுத்துணி, குளத்து உடுப்பு, மருந்து, பாஸ்போர்ட், சார்ஜர் இருக்கட்டும்.

கடைசி ராத்திரியும் இதே கதைதான். மறுநாள் இறங்குவதற்கு முன்பு, ராத்திரியே பெட்டியை அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். காலையில் உடுத்த வேண்டியதை முதலில் எடுத்துத் தனியாக வைத்துவிட்டுத்தான் பெட்டியை மூட வேண்டும். ஒரு பெரியவர் எல்லாப் பேன்ட்டையும் உள்ளே வைத்துப் பூட்டி அனுப்பிவிட்டார். விடிந்ததும் கைலியோடு கதவை லேசாகத் திறந்து, கண் கலங்கி நின்றார். பெட்டி அதற்குள் கீழ்த்தளத்துக்குப் போய்விட்டது. என்னுடைய பேன்ட் ஒன்றைக் கொடுத்து இறக்கிவிட்டேன். அவர் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை, அதனால்தான் இதை எல்லோரிடமும் சொல்கிறேன்.

மண்டபத்திலிருந்து ஒரு தம்பி: அண்ணே, நமக்குக் கடல் காற்று புதுசா என்ன? அம்மா சேலைதான் கட்டுவார்கள். மேல்தளத்தில் கஷ்டமா இருக்குமா?

நம் ஆட்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். கரையில் நின்று வாங்கும் காற்று வேறு, ஓடும் கப்பலின் காற்று வேறு. கப்பல் மணிக்கு 18 கடல் மைல் போனால், அது கிட்டத்தட்ட 33 கிலோமீட்டர். கடலில் இலை அசையாத நாளிலும் மேல்தளத்தில் நிற்பவருக்கு அந்த வேகத்தில் காற்று அடிக்கும். கொண்டல், அதாவது கீழைக்காற்று, எதிரே வந்தால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். பாம்பன் பாலத்தில் ரயில் கதவோரம் நின்றவர்களுக்கு அது எப்படி என்று தெரியும். கப்பலில் அது பத்து நிமிடத்தில் முடியாது, நாள் முழுக்க அடிக்கும்.

அம்மா சேலையை விட வேண்டாம். சேலையைத் தேர்ந்து எடுங்கள், அவ்வளவுதான். வழுக்கும் சிந்தெடிக், ஷிஃபான் எல்லாம் மேல்தளத்தில் பாய்மரம் மாதிரி உப்பிவிடும். கொஞ்சம் கனம் உள்ள பருத்திச் சேலை, பரமக்குடித் தறிச் சேலை மாதிரி, உடம்போடு நிற்கும். தோளில் ஒரு ஊக்கு, கொசுவத்தில் ஒரு ஊக்கு. முந்தானையைச் சுற்றி இடுப்பில் செருகிக்கொள்ளட்டும், நம் அம்மாமார் கருவாடு காயப்போடும்போது செருகுகிற மாதிரி. சேலையைக் கணுக்காலுக்கு இரண்டு விரல் மேலே கட்டச் சொல்லுங்கள். தளத்துக்குப் போகும் கதவுகளில் தண்ணீர் உள்ளே வராமலிருக்க உயரமான இரும்பு வாசற்படி இருக்கும். சேலைக் கரை தடுக்கி விழுவது அங்கேதான். ஒரு அம்மாவை நான் கையைப் பிடித்துத் தூக்கியிருக்கிறேன், நல்லவேளை முழங்கால் சிராய்ப்போடு போயிற்று.

செருப்பு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். காலையில் தளத்தைக் கழுவி விட்டிருப்பார்கள், குளத்தைச் சுற்றி எப்போதும் ஈரம். ஹவாய் செருப்பு வழுக்கும். பின்னால் வார் வைத்த, அடியில் பிடிப்புள்ள செருப்பு ஒன்று எடுங்கள். ஏறிய அன்றே, ஆபத்து வந்தால் எங்கே கூட வேண்டும் என்று பயிற்சி வைப்பார்கள். அது கடல் சட்டப்படி எல்லோருக்கும் கட்டாயம். அதற்கும் நாலைந்து மாடி படியிறங்க வேண்டியிருக்கலாம். அன்றைக்கு மட்டும் அம்மா எளிதாக நடக்கிற சேலையில் இருக்கட்டும்.

கீழக்கரையிலிருந்து ஒரு சகோதரி: காக்கா (அண்ணா), நான் புர்கா போடுகிறேன். குளத்தில் இறங்க முடியுமா? காற்றில் தலைத்துணி நிற்குமா?

இறங்கலாம் லாத்தா (அக்கா), துணியின் ரகம் சரியாக இருந்தால். கை, கால், தலை எல்லாம் மூடுகிற நீச்சல் உடுப்பு நைலான், லைக்ராவில் தைத்து விற்கிறது. அதை எடுங்கள். பருத்திச் சுடிதாரோடு இறங்க விட மாட்டார்கள். மதத்தைப் பார்த்துத் தடுப்பதில்லை, பருத்தியின் பிசிறு வடிகட்டியில் போய் அடைக்கும். நனைந்த பருத்தி கனத்து ஆளைக் கீழே இழுக்கும் என்பதும் உண்டு. ஆண்பிள்ளைகள் பருத்தி ட்ரவுசரோடு வந்தாலும் அதே பதில்தான். பயணச்சீட்டோடு வரும் விதித்தாளில் குளத்து உடுப்பு பற்றி எழுதியிருப்பதைப் படித்துவிடுங்கள்.

தலைத்துணிக்கு ஊசி குத்துவதைவிட, தலை வழியாக இழுத்துப் போடுகிற தைத்த ரகம் மேல்தளத்தில் நிம்மதி. தொழுகை உடுப்பைத் தோள்பையிலேயே வையுங்கள், பெட்டி எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஈரத்துணியைப் பால்கனியில் உலர்த்தக் கூடாது, காற்று கொண்டுபோய்விடும். குளியலறைக்குள் இழுத்துக் கட்டுகிற கொடி பல கப்பலில் உண்டு. அப்புறம் ஒன்று: பெரும்பாலும் அறைச் சுவர் இரும்புத் தகடுதான். காந்தம் வைத்த கொக்கி நாலு வாங்கிப் போனால் புர்கா, தொப்பி, பை எல்லாம் மாட்டலாம்.

கீழக்கரையிலிருந்தே ஒரு பெரியவர்: என் அத்தா ரஜூலா கப்பலில் தகரப் பெட்டி, பாய், போர்வையோடு பினாங்கு போனார். இப்போது கோட்டு சூட்டு கேட்பார்களாமே, தைக்க வேண்டுமா?

ரஜூலாவில் மேல்தளத்தில் பாய் விரித்தும், அதற்குப் பிறகு ஓடிய சிதம்பரம் கப்பலிலும் போனவர்களின் பிள்ளைகள்தான் நம் கடற்கரையில் பாதிப் பேர். அந்தப் போர்வை இன்றைக்கும் அவசியம், சால்வை என்று பெயர் மாறியிருக்கிறது.

கோட்டு தைக்க வேண்டாம் வாப்பா. ஏழு ராத்திரிப் பயணத்தில் இரண்டு ராத்திரி, மூன்று நான்கு ராத்திரிப் பயணத்தில் ஒரு ராத்திரி நன்றாக உடுத்தி வரச் சொல்வார்கள், அவ்வளவுதான். முழுக்கால் பேன்ட், முழுக்கைச் சட்டை, மூடிய ஷூ. அது எல்லா இடத்துக்கும் செல்லும். வெள்ளை வேட்டி சட்டையும் நம் நாட்டு உடை என்ற கணக்கில் மரியாதையாகவே பார்க்கப்படும். வெளிநாட்டுக் கப்பலில் நம் பெரியவர் ஒருவர் வேட்டியோடு வந்தபோது கூடத்து மேலாளரே நாற்காலியை இழுத்துப் போட்டதை நான் பார்த்தேன். இடுப்பில் ஒட்டுப்பட்டை வைத்த வேட்டியாக இருக்கட்டும், கப்பல் ஆடும்போது ஒரு கை கைப்பிடிக் கம்பிக்கு வேண்டும். ராத்திரிச் சாப்பாட்டுக் கூடத்துக்கு அரைக்கால் ட்ரவுசர், கையில்லாத பனியன், ரப்பர் செருப்பு கூடாது. கைலி அறைக்குள் மட்டும். இதெல்லாம் சிரமம் என்றால் மேலே பஃபே இருக்கிறது, அங்கே சாதாரண உடுப்பில் சாப்பிடலாம்.

தொண்டியிலிருந்து ஒரு தம்பி: அயர்ன் பாக்ஸ் கொண்டு போகலாமா?

கூடாது. ஸ்கேனிலேயே எடுத்து வைத்துக்கொண்டு இறங்கும்போதுதான் தருவார்கள். கெட்டில், எக்ஸ்டென்ஷன் போர்டும் அப்படியே. நடுக்கடலில் தீயைவிடப் பெரிய பயம் கிடையாது. சிதம்பரம் கப்பலின் ஓட்டமே 1985-இல் தீயோடு முடிந்ததுதானே. அதனால் கஞ்சி போட்ட சட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டு, பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த துணியைச் சுருட்டி அடுக்குங்கள். சுருக்கம் இருந்தால் வெந்நீரில் குளிக்கும்போது குளியலறையில் தொங்கவிடுங்கள், பாதி போய்விடும். சலவைக்குக் கொடுத்தால் உருப்படிக்கு இவ்வளவு என்று காசு.

இராமேசுவரத்திலிருந்து ஒரு அண்ணன்: திருகோணமலை, காங்கேசன்துறை இறங்குகிறோம். கோயிலுக்கு என்ன உடுப்பது?

யாழ்ப்பாணத்து நல்லூர் முருகன் கோயிலில் ஆண்கள் மேல்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். ஒரு வேட்டி, ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்குச் சேலையோ சுடிதாரோ சரி. திருக்கோணேசுவரத்துக்கும் அதுவே போதும். புத்த விகாரை பார்க்கப் போனால் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். புத்தர் படம் போட்ட சட்டை, பை எதையும் இலங்கையில் எடுக்கவே வேண்டாம், அங்கே அது சட்டச் சிக்கல் வரை போகும். இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு, ஈரம் மாற்றித்தான் சன்னதிக்குப் போக வேண்டும் என்று வெளியூர்க்காரர்களுக்கு நீங்கள் சொல்வீர்கள் அல்லவா? அதேபோல இங்கேயும் கரை இறங்கும் பையில் ஒரு உலர்ந்த மாற்று வையுங்கள். மத்தியானம் திரும்பும்போது வேர்வையில் ஊறியிருப்பீர்கள், கப்பலுக்குள் ஏசி அப்படியே மேலே விழும்.

தேவிபட்டினத்திலிருந்து ஒரு தங்கச்சி: மூன்று வயதுப் பிள்ளைக்கு?

பெரியவர்களுக்குச் சொன்னதில் இரண்டு மடங்கு. தாடையில் கட்டுகிற தொப்பி, சாக்ஸ், முழுக்கைச் சட்டை. டயப்பர் போடும் பிள்ளையைப் பல கப்பலில் பெரிய குளத்தில் விட மாட்டார்கள், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

சாயல்குடியிலிருந்து ஒரு அண்ணன்: ஐப்பசியில் போகிறோம். வாந்தி வருமோ என்று பயம். துணிக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. இடுப்பை இறுக்கும் பேன்ட், கழுத்தை ஒட்டிய டி-ஷர்ட் போட்டவர்களுக்குக் குமட்டல் தாங்காது. தளர்ந்த இடுப்பு, பொத்தான் வைத்த சட்டை நல்லது. வாந்தி எடுத்தபின் தலை வழியாகக் கழற்ற வேண்டியதில்லை. ஐப்பசி மழைக்குக் குடை வேண்டாம், தளத்தில் விரித்த உடனே புரண்டுவிடும். தொப்பி வைத்த மழைக்கோட்டு எடுங்கள். மருந்தை மருத்துவரிடம் கேட்டு, கப்பல் அசையும் முன்பே போடுங்கள்.

ஏர்வாடியிலிருந்து ஒரு தங்கச்சி: கல்யாணம் முடிந்து முதல் பயணம். கல்யாணப் பட்டுச் சேலையைக் கொண்டு போகலாமா அண்ணே?

கொண்டு போங்கள், ஆசையோடு கட்டுங்கள். நன்றாக உடுத்தும் அந்த ராத்திரிக்குப் பட்டைவிடப் பொருத்தமானது ஒன்றும் இல்லை, கூடத்தில் எல்லோர் கண்ணும் உங்கள் மேல்தான் இருக்கும். உள்ளேயே கட்டி உள்ளேயே அவிழ்த்துவிடுங்கள். போட்டோவுக்கென்று மேல்தளத்துக்குப் போனால் பத்து நிமிடத்தில் திரும்புங்கள், உப்பு ஈரம் ஜரிகையில் படிந்தால் கறுத்துவிடும். பிளாஸ்டிக் உறையில் வைக்காமல் துவைத்த பழைய வேட்டித் துணியில் சுற்றி, பெட்டியில் மேலாக வையுங்கள். நகையை, அறையில் இருக்கும் சின்ன லாக்கரில் வையுங்கள். ஊர் வந்த அன்றே சேலையைப் பிரித்து, நிழலில் ஒரு மணி நேரம் காற்றாட விட்டு, பழைய மடிப்பை மாற்றி மடித்து வையுங்கள்.